ஏழாவது பாட்டின் குரல்

எஸ்தரும் இன்பாவும் சேர்ந்து போட்ட முதல் ஆல்பத்தில் எட்டுப் பாட்டுகள். மெட்டும் கிடாரும் இன்பா, குரல் எஸ்தர். ஏழாவது பாட்டைப் பதிவு செய்ய வேண்டிய அன்று எஸ்தருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வேலை நிற்கக் கூடாதென்று இன்பாவே தற்காலிகமாகப் பாடிவைத்தாள். மறுவாரம் ஒலிப்பதிவாளர் செல்வின் அதைப் போட்டுக் காட்டி, "இதையே விட்டுடலாமா?" என்று கேட்டார்.

இன்பாவின் குரல் சில இடங்களில் சுருதி விலகியது. அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. ஆனாலும் எஸ்தருக்கு உடம்பு சிலிர்த்தது. பதினொரு வருடம் பழகியும் இவள் இப்படிப் பாடுவாள் என்று தெரியாமல் போனதே என்று நினைத்தாள். அடுத்த நொடி வயிறு எரிந்தது.

"சுருதி சேரலையே. நான் பாடிடறேன்."

"அதுதான் சரி. நான் சும்மா பாடினேன்டி," என்றாள் இன்பா.

எஸ்தர் பிசிறில்லாமல் பாடினாள். செல்வின் டீ குடிக்கப் போன நேரத்தில், இன்பாவின் பதிவைத் தன் கையாலேயே அழித்தாள்.

ஆல்பம் வெளியான வெள்ளிக்கிழமை எல்லோரும் அந்தப் பாட்டைத்தான் பகிர்ந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் எஸ்தரின் குரல் தங்களை அழவைத்ததாக எழுதினார்கள். இன்பா ஒவ்வொன்றையும் சத்தமாக வாசித்துச் சிரித்தாள். அவள் முகத்தில் துளி வருத்தமாவது இருக்கிறதா என்று எஸ்தர் தேடினாள். இல்லை.

"ஒரு தடவை நீ பாடேன், இன்பா. அன்னிக்குப் பாடின மாதிரி."

"நேத்து பாடிப் பார்த்தேன்டி. இப்போ எனக்கும் உன்ன மாதிரியேதான் வருது."