ஜோடி கலைந்த கட்டை

“இது சாப்பாட்டுக் கடையா, திருடங்க கூடாரமா?”

ஹெட்விக் போட்ட சத்தத்தில், மலைமேல் இருந்த அந்தச் சிறிய உணவு விடுதிக்குள் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள் விடுதிக்காரி அகாத்தா.

“என்னம்மா ஆச்சு?”

“என்ன ஆச்சா? இதைப் பாருங்க.”

வாசலில் பனிச்சறுக்குக் கட்டைகளைச் சாய்த்து வைக்கும் நீளமான சட்டம். ஜோடி ஜோடியாக நிறையக் கட்டைகள். ஓர் ஓரத்தில் மட்டும் நெட்டையாகப் பச்சை ஒன்றும், அதைவிட ஒரு சாண் குட்டையாகச் சிவப்பு ஒன்றும் பொருந்தாமல் நின்றன.

“இந்தப் பச்சை என் புருஷனுது. அவரோட ஐம்பதாவது பிறந்த நாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. இதோட ஜோடி எங்கே? மூணு தடவை சுத்திச் சுத்திப் பார்த்துட்டேன்.”

அகாத்தா பச்சையைப் பார்த்தாள். சிவப்பைப் பார்த்தாள்.

“உங்க வீட்டுக்காரர்னா... உயரமா, நரைச்ச தாடி வச்சவரா?”

“அவரேதான். லோதார். நாலு நாளா மத்தியானச் சாப்பாடு உங்க கடையிலதான்.”

அகாத்தாவின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. “உள்ளே வந்து உட்காருங்கம்மா. சூடா சூப் தர்றேன். கட்டையை நானே தேடிக் கொடுத்துடறேன்.”

தப்பு செய்தவர்கள்தான் இப்படிக் குழைவார்கள் என்பது ஹெட்விக்கின் கணக்கு. கோபம் இன்னும் ஏறியது.

இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஒரு வாரம் அவர்கள் இந்தக் கிராமத்துக்கு வருகிறார்கள். லோதார் காலையில் சறுக்கக் கிளம்புவான். வாழ்நாளில் கட்டைமேல் கால் வைத்தறியாத ஹெட்விக், கீழே அறையில் உட்கார்ந்து கம்பளி பின்னுவாள். இன்று அவன் ரத்த அழுத்த மாத்திரையை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். அதைக் கொடுக்கத்தான் கம்பிவட வண்டியில் முதல் தடவையாக இவ்வளவு தூரம் ஏறி வந்திருந்தாள். வந்த இடத்தில் இந்தக் கூத்து.

சத்தம் கேட்டு லோதார் ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

“ஹெட்விக்? நீ எப்படி இங்கே?”

“மாத்திரை கொண்டு வந்தேன். உன் கட்டை ஒண்ணைக் காணோம். அதுகூடத் தெரியாம உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கே.”

“கட்டைதானே, விடு. வா, கீழே போயிடலாம்.”

“கட்டைதானேவா? நான் வாங்கிக் கொடுத்தது உனக்கு அவ்வளவு இளப்பமாப் போச்சா? யாரு என்ன பண்ணாலும் விடு விடுன்னு சொல்லியே காலத்தை ஓட்டிட்டே. உனக்கும் சேர்த்து நான்தான் கத்த வேண்டியிருக்கு.”

அவள் கதவுக்குள் தலையை நீட்டினாள். “இந்தச் சிவப்புக் கட்டை யாருது?”

அடுப்போரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு தடியர் முள்கரண்டியால் மூலை மேஜையைக் காட்டினார். அங்கே சிவப்புக் குல்லா போட்ட ஒரு பெண், தட்டையே பார்த்தபடி இருந்தாள்.

“உங்களுதா? உங்களுக்கும் ஒண்ணு போயிடுச்சு. எழுந்து வாங்க.”

“பரவாயில்லைங்க.”

“என்ன பரவாயில்லை? ஒத்தைக் கட்டையில இறங்கிக் கழுத்தை முறிச்சுக்கப் போறீங்களா? பயப்படாதீங்க, நான் இருக்கேன்.” ஹெட்விக் அவள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்து, லோதாரின் பக்கத்தில் நிறுத்தினாள். “பாருங்க, அகாத்தா. ரெண்டும் வாயில்லாப் பூச்சிங்க. அதான் உங்களுக்கு இவ்வளவு துணிச்சல்.”

“அம்மா, இங்கே இதுவரைக்கும் ஒரு கையுறைகூடத் தொலைஞ்சதில்லை. சொன்னாக் கேளுங்க, நீங்க கீழே போங்க. சாயங்காலத்துக்குள்ள கட்டை உங்க அறைக்கு வந்துடும்.”

“ஓகோ. அப்ப எங்கே இருக்குன்னு தெரிஞ்சிருக்கு.” ஹெட்விக் கைப்பேசியை எடுத்தாள். “போலீஸையே கூப்பிடறேன்.”

“வேண்டாம், ஹெட்விக்,” என்றான் லோதார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

“நீ பேசாம இரு.” எண்ணைத் தட்டி, “ஒரு திருட்டுப் புகார்” என்றாள். காத்திருக்கச் சொன்னதும் அகாத்தா பக்கம் திரும்பினாள். “கிராமம் பூராவும் சொல்லப் போறேன், இந்தக் கடையில எல்லாரும் திருட்டுக் கும்பல்னு. கண்ணு முன்னாடி இருக்கற பொருளைக் காப்பாத்தத் தெரியாத பொம்பளைக்கு எதுக்கு இந்தப் பொழப்பு?”

அதுவரை பொறுத்துக்கொண்டிருந்த அகாத்தாவின் முகம் சிவந்துவிட்டது. விறுவிறுவென்று கட்டடத்தின் பின்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது அவள் தோளில் ஒரு பச்சைக் கட்டையும் ஒரு சிவப்புக் கட்டையும் இருந்தன. இரண்டையும் ஹெட்விக்கின் எதிரே பனியில் குத்தி நிறுத்தினாள்.

“விறகுக் கொட்டகைக்குப் பின்னாடி இருந்துச்சு. யாரும் திருடலை, இவங்களே வச்சதுதான். ஜோடி கலைஞ்ச கட்டையை எந்தத் திருடனும் தொட மாட்டான். அதனால, சறுக்க வர்ற புருஷன் பொண்டாட்டிங்க அவருது ஒண்ணு, அவங்களுது ஒண்ணுன்னு மாத்திச் சேர்த்து, ரெண்டு இடத்துல பிரிச்சு வச்சுட்டுத்தான் சாப்பிட வருவாங்க. இவங்க ரெண்டு பேரும் நாலு நாளா அப்படித்தான் வைக்கறாங்க. நீங்க வந்து நிக்கற வரைக்கும், இவங்களைப் புருஷன் பொண்டாட்டின்னுதாம்மா நான் நினைச்சிருந்தேன்.”

ஹெட்விக்கின் கையிலிருந்த கைப்பேசியில் அப்போது மறுமுனை மறுபடி பேசியது.

“போலீஸ். சொல்லுங்க, உங்களுது என்ன திருட்டுப் போச்சு?”