காற்றுக்கு எதிரே நான்கு ஜோடி

"அஞ்சு நிமிஷம். அப்புறம் முன்னால போற ரெண்டு பேரும் ஒதுங்கிக் கடைசிக்குப் போயிடணும். அடுத்த ரெண்டு பேர் முன்னால. காத்தப் பங்கு போட்டுக்கறோம், அவ்வளவுதான்."

ருவாரி சொன்னதை ஏழு பயணிகளும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். அவனோடு சேர்த்து எட்டு சைக்கிள்கள். நான்கு ஜோடி.

மணி பன்னிரண்டே முக்கால். துறைக்குப் பதினோரு மைல். கப்பல் மூன்று மணிக்கு. நாளை ஞாயிறு, கப்பல் கிடையாது.

தென்மேற்குக் காற்று நேர் எதிரே அடித்தது. வேலிக் கம்பியில் சிக்கிய ஆட்டு ரோமம் கிடையாக நீண்டு நின்றது.

அவனுக்குச் சந்தேகம் இல்லை. இரண்டரைக்கே சேர்த்துவிடுவான்.

சந்தேகமெல்லாம் ஊருக்கு. பயணிகளைச் சைக்கிளில் தீவு முழுக்க அழைத்துப் போவது அவன் மனைவி இஷ்பெல்லின் தொழில். முன்னால் போவது அவள். பஞ்சர் பெட்டியோடு கடைசியில் வருவது அவன். ஆறு வருடம் அப்படித்தான்.

ஜனவரியில் இஷ்பெல் இறந்துபோனாள். இது மே. அவள் இல்லாமல் கிளம்பிய முதல் கூட்டம்.

கப்பலைத் தவறவிட்டால் இதுவே கடைசிக் கூட்டமும் என்று அவன் முடிவு செய்திருந்தான். சைக்கிள்களை விற்றுவிட்டு கிளாஸ்கோவுக்குப் போய்விடுவான்.

காலையில் கடை வாசலில் மீன் வண்டி லாக்லன் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். "ஏண்டா ருவாரி, ஒரு ஆட்டுக்குட்டிய வாசல் தாண்ட வைக்கவே உனக்கு அரை நாள் ஆகும். ஏழு பேர நீ ஓட்டிக்கிட்டு வந்துடுவியா?"

இரண்டரைக்குத் துறையில் வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தான்.

லாக்லனுக்கும் இஷ்பெல்லுக்கும் ஆறு வருடச் சண்டை. இங்கே சாலை ஒரு வண்டி அகலம்தான். ஜோடியாகப் போனால் அடைத்துக்கொள்ளும். பின்னால் வந்து ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பார். அவள் திரும்பிப் பார்க்காமல் கையை உயர்த்தி ஆட்டுவாள், யாரோ வாழ்த்துச் சொன்னதுபோல.

முதல் மைலில் தபால் வண்டி எதிரே வந்தது. ஒதுங்குமிடத்தில் நின்றது. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலையாவது தூக்குவது தீவில் எல்லோரும் எல்லோருக்கும் செய்வது. தபால்காரப் பெண் தூக்கவில்லை. மடியில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்து ஒரு டிராக்டர். அதுவும் நின்றது. பிறகு டீச்சரின் கார். அதுவும்.

வழக்கமாக உரசிக்கொண்டு போகிறவர்கள்தான் எல்லோரும். இவனுக்கு நேராக ஓட்டத் தெரியாது என்று நினைக்கிறார்கள். இல்லையென்றால் பரிதாபம். இரண்டும் அவனுக்கு வேண்டாம்.

மிதித்தான்.

அவளை அடக்கம் செய்தது இன்வர்னஸில், அவள் பெற்றோரின் ஊரில். ஆஸ்பத்திரியில் கூட இருந்ததால் அவன் மட்டும் அங்கே இருந்தான். அந்த வாரம் முழுக்கப் புயல். கப்பல் ஓடவில்லை. தீவிலிருந்து ஒருவராலும் வர முடியவில்லை. அவன் திரும்பி வந்த பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவனும் பேசவில்லை.

பக்கத்தில் மிதித்துக்கொண்டிருந்தவள் வில்லெமின், டச்சுக்காரி. உங்கள் ஊர்க்காரர்களைப் போல மரியாதை தெரிந்தவர்களைப் பார்த்ததே இல்லை என்று காற்றை மீறிக் கத்தினாள்.

"கொஞ்சம் பொறுங்க," என்றான் ருவாரி. "இன்னும் லாக்லன் வரல."

ஐந்து நிமிடம், மாற்றம். ஐந்து நிமிடம், மாற்றம். ஒருவரும் பின்தங்கவில்லை. கடைசி மேட்டில் ஏறியபோது கப்பல் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு துறையில் நிற்பது தெரிந்தது. மணி இரண்டு இருபது. அவனும் வில்லெமினும் மறுபடி முன்னால் வந்திருந்தார்கள்.

மேட்டுக்கு அந்தப்பக்கம் பாறையை வெட்டிப் போட்ட சாலை. அதற்குள் நுழைந்ததும் காற்று சட்டென்று நின்றுவிடும்.

நின்றது. எட்டு சங்கிலிகள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

லாக்லனின் மீன் வண்டி ஓரமாக நின்றிருந்தது. லாக்லன் வெளியே இறங்கி நின்றார். தொப்பி கையில் இருந்தது. வெயில் படாத நெற்றி வெள்ளையாகத் தெரிந்தது.

வண்டியிலிருந்து சத்தமே இல்லை. இஞ்சின் மட்டுமல்ல. அவர் குடிக்கப் போனால்கூட வாசலில் உறுமிக்கொண்டிருக்கும் ஐஸ் பெட்டி மெஷினும் ஓடவில்லை. உள்ளே அன்றைக்கு விற்க வேண்டிய மீன் முழுக்க இருந்தது.

டிராக்டரின் குழாயில் புகை இல்லாததை ருவாரி இப்போதுதான் நினைத்துப் பார்த்தான். இஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்பது அந்தக் காற்றில் கேட்டிருக்காது. தபால் வண்டியும். டீச்சரின் காரும்.

இந்தத் தீவில் ஒதுங்கி நிற்பது யாருக்காகவும் இருக்கலாம். இஞ்சினை அணைப்பது ஒருவருக்குத்தான், தோளில் போகிறவருக்கு.

சவப்பெட்டியைத் தூக்குகிறவர்கள் இரண்டிரண்டு பேராக வருவார்கள். முன் ஜோடி ஒதுங்கிக் கடைசிக்குப் போகும், அடுத்த ஜோடி தோள் கொடுக்கும். இஷ்பெல் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் இதே சாலையோரம் நின்று அதைப் பார்த்தாள். காற்றுக்கும் இது சரியாக வரும் என்றாள். பயணிகளிடம் மட்டும் எங்கே கற்றாள் என்று சொன்னதில்லை.

லாக்லனைக் கடந்த பிறகு, திரும்பிப் பார்க்காமல், ருவாரி கையை உயர்த்தி ஆட்டினான்.

ஹாரன் அடிக்கவில்லை.

"அஞ்சு நிமிஷம் ஆச்சு," என்றாள் வில்லெமின். "நாம மாறணும்ல?"

"நீங்க மாறுங்க," என்றான். "நான் துறை வரைக்கும் முன்னாலயே வரேன்."