ஒரே ஒரு பெயர்

“எம் பையன் இருக்கானா இல்லியான்னு மட்டும் சொல்லுங்கய்யா. மத்ததெல்லாம் எனக்குப் புரியாது.”

வாசலில் நின்றவளைக் கோவிந்தன் இதற்கு முன் பார்த்ததில்லை. சித்தேரி மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி, அரூரிலும் தருமபுரியிலும் பஸ் மாறி நல்லம்பள்ளிக்கு வந்து சேர்ந்திருந்தாள். பெயர் சின்னக்கா. புருஷன் இறந்து வெகு காலம் ஆகிறது. ஒரே மகன் சிலம்பரசன் பட்டாளத்தில் இருக்கிறான். போன லீவில் வந்தபோது, ஏதாவது என்றால் இவரிடம் போ என்று ஒரு தாளில் கோவிந்தனின் விலாசத்தை எழுதிக் கொடுத்திருந்தான். டில்லி ராணுவத் தலைமையகத்தில் பத்தொன்பது வருஷம் இருந்தவர், அவருக்கு எல்லாம் தெரியும் என்றும் சொல்லியிருந்தான்.

முந்தின நாள் சாயங்காலம் மலை மேலே டீக்கடை டிவியில் செய்தி வந்திருக்கிறது. எல்லையில் பனிச்சரிவு. ராணுவ முகாமின் கூடாரம் ஒன்று புதைந்துவிட்டது. ஒரு வீரரைக் காணவில்லை. சிலம்பரசனின் பட்டாலியன்தான். பெயரை மட்டும் சொல்லவில்லை.

கோவிந்தன் செருப்பு மாட்டிக்கொண்டு எங்கோ கிளம்பியிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். வீட்டில் வேறு யாரும் இல்லை. அவரே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். தலைமையகம் என்பது துப்பாக்கி பிடிக்கிற இடமில்லை என்றார். அங்கே ஒரு பிரிவு சண்டையைத் திட்டமிடும். இன்னொரு பிரிவு சோறு, கம்பளி, தோட்டா எல்லாம் போய்ச் சேருகிறதா என்று பார்க்கும். மற்றொன்று ஆட்களைப் பற்றியது. யார் எங்கே இருக்கிறான், யார் லீவில் இருக்கிறான், யாருக்கு அடிபட்டது, யார் இல்லை. தாம் வேலை பார்த்தது அந்தப் பிரிவில்தான் என்றார். மலையுச்சியில் ஒரு கூடாரம் புதைந்தால் கம்பெனியிலிருந்து பட்டாலியனுக்குச் செய்தி போகும். அங்கிருந்து பிரிகேடு, டிவிஷன் என்று படிப்படியாக ஏறி டில்லிக்கு வந்துவிடும். அரை நாள்கூட ஆகாது. பெயரை ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் வீட்டுக்குத்தான் சொல்வார்கள். அவளுக்கு யாரும் போன் செய்யவில்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை.

“எங்க மலையில டவரே எடுக்காதுங்கய்யா.”

போன் கிடைக்காவிட்டால் வி.ஏ.ஓ.வோ போலீஸோ நேரில் வருவார்கள் என்றார்.

“நான் இருட்டுலயே கெளம்பிட்டனுங்க. பூட்டுன வூட்டப் பாத்துட்டு அவங்க திரும்பிப் போயிருந்தா?”

கோவிந்தன் தலையைக் குனிந்துகொண்டார்.

சின்னக்கா எழுந்தாள். “என் மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேங்கறீங்க. எனக்குத் தெரிஞ்சு போச்சுங்கய்யா.” முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அவர் அவளை நேராகப் பார்த்தார்.

“அது உங்க பையன் இல்லம்மா.”

“ஆறுதலுக்குச் சொல்றீங்க.”

“இல்லம்மா. காணாமப் போனது ஒருத்தர்தான். விடிகாலையில ஒடம்பு கெடச்சிருச்சு. எட்டு மணிக்கு எனக்குப் போன் வந்துச்சு. பேரு, நம்பரு எல்லாத்தையும் நானே ரெண்டு தடவ கேட்டுக்கிட்டேன். மத்தவங்க யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லன்னு சொன்னாங்க. சிலம்பரசன் நல்லா இருக்கான்.”

சத்தியம் செய்யச் சொல்லிக் கையை நீட்டினாள். அவர் அந்தக் கையில் தம் கையை வைத்தார். அவள் ‘ஓ’வென்று அழுதாள். அழுது ஓய்ந்ததும் அவர் காலைத் தொடக் குனிந்தாள். கோவிந்தன் பின்னால் நகர்ந்துகொண்டார். இன்னமும் டில்லியில் உங்களுக்கு வேண்டியவர்கள் இருப்பது எத்தனை நல்லதாய்ப் போயிற்று என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பியவள் வாசற்படியில் நின்றாள்.

“அந்தப் பையனப் பெத்தவளுக்குச் சொல்லியாச்சுங்களா?”

“இன்னும் இல்லம்மா.”

“எந்த ஊருல என்ன வேல செஞ்சுகிட்டு இருக்காளோ, பாவம். யாரு போயி சொல்லுவாங்க?”

“அதுக்கு ஒரு ஆளு இருக்கும்மா.”

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்தார். தருமபுரியில் இந்த அம்மாவை அரூர் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள் என்று கண்டக்டரிடம் சொன்னார். ஜன்னலோரம் உட்கார்ந்த சின்னக்கா பஸ் திரும்பும் வரைக்கும் அவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே போனாள்.

கோவிந்தன் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஏரிக்கரை வழியாகப் பூக்கொல்லைக்கு நடந்தார். பொழுது விடிந்ததிலிருந்து அங்கே இரண்டு பெண்களோடு சாமந்தி பறித்துக்கொண்டிருந்தாள் அவர் மனைவி பானுமதி. அவரைக் கண்டதும் நிமிர்ந்து, இந்த வெயிலில் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டாள்.

அவர், அவள் மடியிலிருந்த பூவை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவளை வரப்பில் உட்காரவைத்தார்.

“பானு, காலையில பட்டாலியன்ல இருந்து போன் வந்துச்சு. நம்ம பையன் கதிரவன் போயிட்டான்.”