அரை பாயிண்ட்

"ஏமாத்திட்டீங்களே! பட்டப்பகல்ல இப்படி ஏமாத்திட்டீங்களே!"

நான் போட்ட சத்தத்தில் பட்டறையே திரும்பிப் பார்த்தது. பட்டறை என்றால் மெக்கானிக், தன் காரை வேலைக்கு விட வந்திருந்த ஒரு தொப்பிக்காரர், எனக்குத் துணைக்கு வந்த என் மாப்பிள்ளை. மூன்றே பேர்.

ஆயில் மாற்றத்தான் வந்தேன். சுவரில் ஆணியில் தொங்கிய பழைய வேலை அட்டைகளில் என் கார் நம்பர் கண்ணில் பட்டது. எடுத்துப் பார்த்தால், 'கம்ப்ரஷன் ரேஷியோ: 9' என்று எழுதியிருக்கிறது.

"நான் சொன்னது ஒம்பதரை! நீங்க வெச்சிருக்கிறது ஒம்பது!"

"சார், வண்டி நல்லாத்தானே ஓடுது?"

நன்றாகத்தான் ஓடுகிறது. எட்டு மாதமாக ஒரு முக்கல் முனகல் கிடையாது. அதற்குக் காரணம் என் கணக்கு என்றல்லவா பார்த்தவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தேன்!

என் எஞ்சின் ஒரு கதம்பம். கீழ்ப்பாதி ஒரு காருடையது, மேலே ஹெட் இன்னொரு காருடையது, பிஸ்டன் கடையில் வாங்கியது, போதாததற்கு ஒரு டர்போ. உள்ளே வரும் காற்றை பிஸ்டன் எத்தனை மடங்கு நசுக்குகிறது என்பதுதான் இந்த ரேஷியோ. டர்போ ஏற்கெனவே காற்றைத் திணிப்பதால், அளவு கூடிப்போனால் எஞ்சின் காலி. வாரக்கணக்கில் வீடியோ பார்த்து, நோட்டுப் போட்டு எழுதி, ஒன்பதரை என்று முடிவு செய்த மேதை நான்.

மாப்பிள்ளையை எதிரே உட்காரவைத்து வகுப்பும் எடுத்தேன். மருந்துக் கம்பெனி லேபில் வேலை பார்க்கும் பிள்ளை. ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடிப்பார். "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று கேட்டுக்கொண்டார்.

"விடுங்க மாமா. அரை பாயிண்டுதானே," என்றார் இப்போது.

"அரை பாயிண்டுதானேவா? உங்களுக்கு இதெல்லாம் புரியாது மாப்பிள்ளை. சும்மா இருங்க."

மெக்கானிக் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

"சொன்னதைச் செய்யத் துப்பில்ல. இந்த ஆளை நம்பி யாராவது வண்டியை விடுவாங்களா?"

தொப்பிக்காரர் மேசைமேல் வைத்திருந்த சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

"முழு எஞ்சின் வேலை சார் அது," என்றார் மெக்கானிக். "இந்த மாசம் வந்த ஒரே பெரிய வேலை."

முகம் தொங்கிப்போயிற்று அவருக்கு. எனக்கோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. மாப்பிள்ளை மட்டும் தொப்பிக்காரர் பின்னாலேயே ஓடினார்.

ஐந்து நிமிடத்தில் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். தொப்பிக்காரர் சாவியை மறுபடி மேசைமேல் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்க மாப்பிள்ளை எல்லாத்தையும் சொல்லிட்டாரு. கணக்கைத் தப்பாப் போட்டது அவரேதானாமே! பிஸ்டன் பெட்டி மேல ஒம்பதரைன்னு இருந்ததை அப்படியே எழுதிட்டாராம். அது அந்த பிஸ்டனோட சொந்த ஹெட்டுக்குச் சொன்னது. நீங்க மாட்டினது வேற ஹெட்டு. அதுல காத்து நசுங்குற குழி சின்னது. பத்தரையைத் தாண்டியிருக்குமாம். இந்த மெக்கானிக் பிஸ்டன் தலையைக் கடைஞ்சு ஒம்பதுக்கு இறக்கலேன்னா, முதல் வாரமே ஓட்டை விழுந்திருக்கும். இவரைப் போய்த் திட்டுறீங்களே!"

பெட்டியைப் பார்த்து எழுதியது யார் என்று எனக்குத் தெரியாதா? அந்த நோட்டில் இருப்பது முழுக்க என் கையெழுத்து.

வாயைத் திறந்தேன். சத்தியமாக, உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன்.

"சின்ன வயசு, அவசரம்," என்றார் தொப்பிக்காரர். "உங்களை மாதிரி விஷயம் தெரிஞ்சவங்கதான் கூட இருந்து சொல்லித் தரணும்."

"ஆமாங்க," என்றேன். "இனிமே நான் கவனிச்சுக்கறேன்."

தொப்பிக்காரர் கிளம்பினார். மாப்பிள்ளை என் காரை எடுக்க வெளியே போனார்.

மெக்கானிக் அந்த அட்டையை என் கையில் கொடுத்துத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் கணக்கு.

"இது நான் எழுதினது இல்ல சார். நீங்க எஞ்சினை வேலைக்கு விட்டுட்டுப் போன மறுநாளே உங்க மாப்பிள்ளை லீவு போட்டுட்டு, லேப்ல இருந்து ஒரு அளவுக் குழாயோட வந்தாரு. ஹெட்டைக் கவுத்து வெச்சு, நாலு குழியிலயும் தண்ணியைச் சொட்டுச் சொட்டா விட்டு அளந்தாரு. 'மாமா ஆசையாப் போட்ட கணக்கு, தப்புன்னு அவருக்குத் தெரியவே கூடாது'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போனாரு."

அட்டையை மறுபடி முன்பக்கம் திருப்பினேன்.

"நீங்க என்னைத் திட்டினப்பக்கூட அந்தச் சத்தியத்தைக் காப்பாத்தினேன் சார். இப்ப நீங்க 'ஆமாங்க'ன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கப்புறம் முடியல."