அவர் பேரில் ஒரு வண்டு

மருமகள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கையில் ஒரு தாள், முகத்தில் சிரிப்பு.

அந்தச் சிரிப்புதான் வண்டு மேடத்துக்குப் பிடிக்கவில்லை.

பூச்சிப் பிரிவில் முப்பது வருடமாகக் குப்பை கொட்டுபவளுக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அதுதான் பெயர். கீழ்த்தளத்து மரபணுக் கூடத்தில் வேலை பார்க்கும் மருமகளும் இங்கே மேடம் என்பாள். வீட்டுக்குப் போனால்தான் அத்தை.

இரண்டு மாதமாகவே இந்தப் பெண்ணிடம் ஏதோ சரியில்லை.

முன்பெல்லாம் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதற்கே அரை மணி நேரம் மல்லுக்கு நிற்பாள். இப்போது எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறாள். கேட்காமலே டீ வருகிறது. லேசாகத் தும்மினால் மாத்திரை வருகிறது.

எதையோ மனதில் வைத்துக்கொண்டுதான் இவ்வளவு நல்லவளாக இருக்கிறாள் என்று வண்டு மேடத்துக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அவர் போயும் இரண்டு மாதம்தான் ஆகிறது.

அவர் பஸ் டிரைவர். மலைப்பாதையில் வண்டி பழுதாகி நின்ற ஒரு மத்தியானம், கண்ணில் பட்ட நீல வண்டை மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு மனைவிக்குக் கொண்டுவந்தார். பூவெல்லாம் வாங்கித் தெரியாத மனுஷன்.

அவள் அதை விடவில்லை. காலில் உள்ள முள்ளின் எண்ணிக்கை வேறு, தின்கிற இலை வேறு, வெளியே வருகிற மாதம் வேறு. எல்லாவற்றையும் வைத்துப் புது இனம் என்று எழுதி, அவர் பெயரையே சூட்டினாள். அதற்கப்புறம் முன் சீட்டில் உட்கார்ந்த ஒருத்தரையும் அந்த வண்டின் கதையைச் சொல்லாமல் அவர் இறங்கவிடவில்லை.

இப்போது எங்கிருந்தோ ஒரு நிபுணர் எழுதியிருந்தார். இது புது இனமே இல்லையாம். எங்கும் திரிகிற சாதாரண நீல வண்டுதானாம். மரபணுவைப் பார்த்தால் தெரிந்துவிடுமாம்.

அப்படியானால் சாதாரண வண்டுக்கு முதலில் வைத்த பெயர்தான் செல்லும். அவர் பெயர் புத்தகத்திலிருந்தும் போய்விடும்.

போன வாரம் இரண்டு சின்னக் குப்பிகளைக் கீழே அனுப்பினாள். குப்பிக்கு ஒரு பின்னங்கால். ஒன்றில் அவர் பெயரும் இன்னொன்றில் சாதாரண வண்டின் பெயரும் எழுதி, சீட்டை அவளே ஒட்டினாள்.

மருமகள் தாளை மேசையில் வைத்தாள். மற்ற நாளில் பக்கம் பக்கமாக வரும். இன்று இரண்டே வரி.

"வேற இனம்தான் அத்தை. மூணு தடவை சோதனை ஓட்டிப் பாத்துட்டேன், மாமா பேரை இனிமே யாரும் அசைக்க முடியாது."

மேடம் என்று சொல்ல மறந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

வண்டு மேடம் எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாள். மாமனாரும் மருமகளும் எவ்வளவு ஒட்டுதல் என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

அதனால்தான் சந்தேகமே வந்தது. இவள் இரக்கப்பட்டுப் பொய் சொல்லிவிடுவாளோ என்று.

அவர் பெயர் கொண்ட வண்டு அலமாரியில் ஆறு காலோடு முழுசாக இருக்கிறது. குப்பிகளில் போனது ஒரே சாதாரண வண்டின் இடது காலும் வலது காலும்.

வெட்டியவள் அவளேதான். இருந்தும், வேற இனம்தான் என்று காதில் விழுந்த அந்த நொடியில் அவள் அதை முழுசாக நம்பினாள்.