அசையக் கூடாத குமிழி

மாலை வெயில் கண்ணாடிக் குழாயில் சாய்ந்திருக்கிறது; அதன் அடியில் ஒரு சோப்புக் குமிழி நிற்கிறது. தோழி பொருத்திக் கொடுத்த எஃகுக் கூட்டுக்குள் நுண்துளைப் பீங்கான் வில்லை, அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத படலம். அது ஹைட்ரஜனைக் கடக்க விட்டு நைட்ரஜனைத் தடுக்க வேண்டும். எட்டு மாதம் பூசியதில் ஆராய்ச்சிக்காரிக்குத் தேறியது இந்த ஒன்றுதான். நாளை ஒப்படைக்க வேண்டும். “மூச்சு விடாதடி, குமிழி பயந்து ஓடிடும்,” என்று சிரித்தபடி அவள் கூட்டுக்குள் நைட்ரஜனைத் திறக்கிறாள். குமிழி ஏறுகிறது; படலத்தைத் தாண்டி நைட்ரஜன் குழாய்க்குள் வருகிறது. “பென்சில் புள்ளி வச்ச பக்கம் கீழதானே போட்ட?” என்கிறாள். “ஐயோ, புள்ளி வச்சதுதான் பூசின பக்கம்னு மேல வச்சேனே!” புள்ளி வைத்தது பூசாத பக்கம்; அப்படியானால் படலம், வில்லையை அடியில் தாங்கும் கம்பி வலையில் உரசிக் கிழிந்திருக்கும். தோழி வாயைப் பொத்திக்கொள்கிறாள். இவள் கண்ணாடியின்மேல் விரலை வைத்து மறிக்கிறாள். குமிழி, நிறங்கள் சுழல, அந்த விரலுக்கு அடியிலேயே நழுவி மேலே போகிறது.