வெயில் விழுந்த பக்கம்

தங்கை டெல்பினைப் பெண் பார்க்க நாகர்கோவிலிலிருந்து வந்த லிபினிடம் ஜெரால்டு சம்பளம் கேட்கவில்லை. "மொத மொதல்ல நேர்ல பாத்த ஃபுட்பால் மேட்ச் எது மாப்ள?" என்றான்.

"ஒங்க ஊரு கடற்கரை மைதானத்துலதான் மச்சான். அப்பாகூட வந்தேன். கடைசியில நம்ம டீம் ஒரு கோல் போட்டுச்சே! அந்திவெயில் கண்ணுல அடிச்சு ஒண்ணும் தெரியல, சத்தம்தான் கேட்டுது."

ஜெரால்டு சிரிக்கவில்லை. அந்த மைதானத்தில் ஊர்க்காரர்கள் வெயிலுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார்கள். வெயிலைப் பார்த்து உட்காருவது எதிரணியான வடக்கூர்க்காரர்கள். அவர்களோடு வெட்டுக்குத்து நடந்த பிறகு இங்கே யாரும் அந்த ஊருக்குப் பெண் கொடுப்பதில்லை.

"எதுத்த பக்கத்துலயா இருந்தீரு?"

கதவோரம் நின்ற டெல்பின்தான் பதில் சொன்னாள்: "இந்தப் பக்கம் எடம் கெடைக்கலியாம்ணே."

லிபினை அவள் இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள் என்றல்லவா ஜெரால்டு நினைத்திருந்தான்.